மதியம் கண்ணயர்ந்தால் படித்தது நிலைக்குமா?

காவிரிக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஒன்றரை ஆண்டாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படித்து வருகிறேன். காலை நான்கரை மணிக்கு எழுகிறேன். இரவு படுக்கும்போது பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. விடியற்காலையில் படிப்பது மனத்தில் தங்குகிறது. ஆனால் பகல் சாப்பாட்டுக்குப் பின், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, அரசியலமைப்பின் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தாலும் எந்தப் பிரிவு எதைச் சொல்கிறது என்பது மாலைக்குள் கலங்கிப் போகிறது. அந்த நேரத்தில் சற்றுப் படுக்கலாமா என்று தோன்றும். "பகலில் படுப்பவளுக்குப் படிப்பு ஏறாது" என்று அப்பா சொல்வதை நினைத்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவேன்.

என் கேள்வி இதுதான். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதியை உறக்கத்துக்கு விடுவது படிப்புக்கு நட்டமா, ஆதாயமா? ஆதாயம் என்றால் எவ்வளவு நேரம் உறங்க வேண்டும், படிப்பதற்கு முன்பா, படித்த பின்பா? "நல்லது", "கெட்டது" என்ற பொதுவான பதில்கள் எனக்கு நிறையக் கிடைத்துவிட்டன. காரணம் தெரிந்தவர்கள் அதை விளக்கிச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உடலியல் ஆசிரியர் எழுதியது:

மகளே, நீங்கள் ஒன்றாகக் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டு மணிக்கு ஏன் மூளை மந்தமாகிறது என்பது ஒன்று. படித்தது ஏன் நிலைக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உறக்கம் உதவுகிறது என்றாலும், உதவும் வழியும் அதற்குத் தேவையான நேரமும் வெவ்வேறானவை என்பதால் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் மந்தத்தைப் பற்றி. "உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு" என்று சோற்றின் மீது பழியைப் போடுகிறோம். வயிறு நிறையச் சாப்பிட்டால் அந்த மயக்கம் கூடும் என்பது உண்மைதான்; ஆனால் சாப்பிடாமல் இருப்பவருக்கும் பிற்பகலில் விழிப்பு சற்றுத் தாழ்கிறது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போய் உறக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. உடலின் உள்கடிகாரமோ மாலையில்தான் அதற்கு எதிராக வலுவாக முட்டுக் கொடுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளம் பிற்பகலில் விழுகிறது. நான்கரை மணிக்கு எழும் உங்களுக்கு, இரண்டு மணி என்பது விழித்து ஒன்பதரை மணி நேரம் கழிந்த வேளை. முகம் கழுவுவதால் அடினோசின் கரையாது, உறக்கத்தால்தான் கரையும்.

இந்த மந்தத்துக்குக் குறுகிய உறக்கமே போதும். அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில் விமானிகளுக்கு முறைவைத்து நாற்பது நிமிட ஓய்வு கொடுத்து 1994இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்கள் உண்மையில் உறங்கியது சராசரியாக 26 நிமிடங்கள். அவ்வளவிலேயே பயணத்தின் கடைசிக் கட்டத்தில், உறங்காத விமானிகளைக் காட்டிலும் அவர்களுடைய விழிப்பு நன்றாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006இல் 5, 10, 20, 30 நிமிட உறக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பத்து நிமிட உறக்கமே எழுந்தவுடன் தெளிவைத் தந்தது. முப்பது நிமிடம் உறங்கியவர்களுக்கும் பயன் கிடைத்தது. ஆனால் எழுந்த பின் சிறிது நேரம் தலை கனத்துக் கிடந்த பிறகே கிடைத்தது.

இனி நினைவைப் பற்றி. இது நெடுநாளைய ஆராய்ச்சி. 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், பொருளற்ற அசைகளை இரண்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்து, உறங்கிய பின்னும் விழித்திருந்த பின்னும் எத்தனை நினைவிருக்கிறது என்று சோதித்தார்கள். உறங்கிய மணி நேரங்களில் மறந்தது குறைவாகவும், விழித்திருந்த மணி நேரங்களில் மறந்தது மிகுதியாகவும் இருந்தது. அன்று அவர்கள் அதற்குக் கண்ட விளக்கம் எளியது: உறங்கும்போது புதிதாக எதுவும் உள்ளே வந்து பழையதைக் குலைப்பதில்லை.

இன்று அதற்கு மேலும் தெரிகிறது. புதிதாகப் படித்த செய்தியை முதலில் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி பிடித்து வைக்கிறது. அதைப் பரணுக்கு ஏற்றும்வரை திண்ணையில் இறக்கி வைத்த நெல் மூட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த உறக்கத்தில் மூளை அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, மூளையின் மேலடுக்கான புறணி முழுவதும் பரவியுள்ள பழைய அறிவோடு கோக்கிறது. அந்த வேளையில் மூளை அலைப் பதிவில் ஸ்பிண்டில் எனப்படும் சிறு அலைக்கொத்துகள் தோன்றும். நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்தும் இரு முனைகளில் மெலிந்தும் இருப்பதால் அந்தப் பெயர். இந்தக் கொத்துகள் மிகுதியாகத் தோன்றியவர்களுக்கு நினைவும் நன்றாக நின்றது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முன்பா பின்பா என்ற கேள்விக்கு, இரண்டிலும் பயன் உண்டு என்பதே பதில். கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 39 இளைஞர்களுக்கு நண்பகலில் ஒரு கடினமான பாடத்தைக் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு பாதியினர் ஒன்றரை மணி நேரம் உறங்கினார்கள். மாலை ஆறு மணிக்கு எல்லோரும் புதிய பாடம் படித்தார்கள். உறங்காதவர்களுக்குக் கற்கும் திறன் நண்பகலில் இருந்ததைவிடக் குறைந்தது, உறங்கியவர்களுக்குக் குறையவில்லை. திண்ணையில் இடம் ஒழிந்தால்தானே அடுத்த மூட்டையை இறக்க முடியும்?

சிங்கைத் தமிழன் எழுதியது:

ஆசிரியர் ஐயா அவர்கள் விட்டுவிட்ட ஒரு முக்கியமான ஆய்வு எங்கள் ஊரில் நடந்தது. காவிரிக்கரை அவர்களின் கேள்விக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் படித்ததில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உறக்க ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் 84 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. பாடமாகக் கொடுத்தவை எறும்பு இனங்களும் நண்டு இனங்களும். எந்த இனம் எங்கே வாழ்கிறது, என்ன உண்கிறது, எப்படிப் பழகுகிறது என்பன போன்ற, ஒன்றோடொன்று எளிதில் குழம்பக்கூடிய நுணுக்கமான செய்திகள். அரசியலமைப்பின் பிரிவுகளைப் படிப்பதும் ஏறத்தாழ இப்படிப்பட்ட வேலைதான் அல்லவா? படிப்புக்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில் ஒரு குழுவினர் உறங்கினார்கள். ஒரு குழுவினர் ஓய்வாக ஒரு படம் பார்த்தார்கள். மூன்றாம் குழுவினர் அதே பாடத்தை மறுபடியும் புரட்டி மனத்தில் ஏற்றினார்கள்.

அன்றே வைத்த தேர்வில், படம் பார்த்தவர்களைவிட உறங்கியவர்களும் சிறப்பாகச் செய்தார்கள், மறுபடி படித்தவர்களும் சிறப்பாகச் செய்தார்கள். அதாவது கூடுதலாக ஒரு மணி நேரம் படிப்பதால் கிடைத்த பயன், உறங்கியும் கிடைத்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதித்தபோது உறங்கியவர்களின் முன்னிலை மட்டுமே உறுதியாக நின்றது. மறுபடி புரட்டியவர்களுக்கு அன்று இருந்த ஆதாயம், ஓய்வெடுத்தவர்களிடமிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

நான் இதைப் படித்தபோது என் பள்ளி நாட்களை நினைத்து வருந்தினேன். மறுநாள் தேர்வுக்காக ஏற்றியதெல்லாம் மறுவாரத்தில் எங்கே போயிற்று என்று நானே வியந்ததுண்டு. சகோதரி, உங்கள் தேர்வு நாளை நடப்பதில்லை. பல மாதங்கள் கழித்து நடக்கிறது. எனவே உங்களுக்குக் கணக்கில் வர வேண்டியது அந்த ஒரு வாரத்துக்குப் பிந்தைய மதிப்பெண்தான்.

வேம்படி வைத்தியர் எழுதியது:

மேலே எழுதியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் சித்த மருத்துவம் பயின்று முப்பது ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் எனக்குள்ள தயக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேரையர் வகுத்த நோயணுகா விதியில் "பகல் துயிலோம்" என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. வள்ளுவரும் நெடுநீர், மறவி, மடி, துயில் நான்கையும் கெட்டுப் போகிறவர் விரும்பி ஏறும் கலம் என்கிறார். மறதியையும் துயிலையும் ஒரே கலத்தில் ஏற்றியிருப்பதைக் கவனியுங்கள்.

நடைமுறையிலும் பார்க்கிறேன். பகலில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் உறங்குபவர்களுக்கு உடல் கனம், செரிமானக் குறைவு, இரவில் உறக்கமின்மை ஆகியவை ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. இரவுத் தூக்கம் கெட்டபின் பகல் தூக்கத்தின் பயனைப் பேசுவதில் பொருள் என்ன? அப்பாவின் சொல்லை அந்தப் பெண் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

உடலியல் ஆசிரியர் எழுதியது:

வைத்தியர் ஐயா, இரவு உறக்கத்தைக் கெடுக்கும் பகல் உறக்கம் கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்று மணிக்குப் பின் நீளமாகப் படுத்தால் சேர வேண்டிய அடினோசின் குறைந்து, இரவில் உறக்கம் தள்ளிப் போகும். உங்கள் நோயாளிகளிடம் நீங்கள் காண்பதும் இதுவாகவே இருக்கக்கூடும்.

குறளைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அந்தத் துயிலுக்கு மு. வரதராசன் "அளவு மீறிய தூக்கம்" என்றுதான் பொருள் தருகிறார். அலாரம் வைத்து இருபத்தைந்து நிமிடம் படுத்து எழுந்து, மீண்டும் ஏழு மணி நேரம் படிக்கும் பெண்ணை அந்தக் கலத்தில் ஏற்றுவது நியாயமாகாது.

தென்மலை எழுதியது:

வைத்தியர் அவர்களின் கவனத்துக்கு, நான் ஆயுர்வேத மாணவன் என்ற முறையில் ஒரு செய்தி. சரக சம்ஹிதை பகல் உறக்கத்தைப் பொதுவாக விலக்கினாலும், சூத்திர ஸ்தானத்தின் இருபத்தோராம் அத்தியாயத்தில் யார் யாருக்கு அது எல்லாக் காலத்திலும் தகும் என்றும் பட்டியலிடுகிறது. பாடிக் களைத்தவர்கள், சுமை தூக்கியும் வழி நடந்தும் இளைத்தவர்கள் ஆகியோருடன் "அத்யயனம்", அதாவது கல்விப் பயிற்சியால் இளைத்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கோடையில் மற்றவர்களுக்கும் அனுமதி உண்டு. இரவு குறுகி, உடல் வறண்டு போவதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

வேம்படி வைத்தியர் எழுதியது:

அந்த இடத்தை எடுத்துப் பார்த்தேன். தென்மலை சொல்வது சரியே. படிப்பால் களைத்தவர்களுக்கு விலக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். உணவு உண்டவுடன் மல்லாந்து படுக்க வேண்டாம், சிறிது நடந்துவிட்டு, அரைவயிறு உணவோடு, சாய்ந்த நிலையில் கண்ணயரட்டும் என்ற ஆலோசனையை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நேரம் அரைமணியைத் தாண்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மழலைக்கூடம் எழுதியது:

பெரியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் சிறு பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும். பதினாறு ஆண்டுகளாக மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கற்பித்து வருகிறேன். அங்கன்வாடியில் மதிய உணவு முடிந்ததும் பாய் விரித்துப் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. நான் முன்பு பணிபுரிந்த ஒரு தனியார் பள்ளியில், எல்.கே.ஜி. பிள்ளைகளை உறங்க வைப்பது "நேரத்தை வீணாக்குவது" என்று கருதி, அந்த வேளையில் எழுத்துப் பயிற்சி வைத்தார்கள். பென்சிலைப் பிடித்தபடியே தலை சாயும் குழந்தையைத் தட்டி எழுப்புவது என் வேலையாக இருந்தது. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளிவந்த ஆய்வில், முன்பருவப் பள்ளிக் குழந்தைகள் 40 பேருக்குக் காலையில் ஒரு நினைவு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டங்களில் எந்தப் படம் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். பிற்பகலில் உறங்கிய நாளில் குழந்தைகள் கற்றதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். உறங்கவிடாத நாளில் கணிசமாக மறந்தார்கள். அதே நாள் இரவு முழுவதும் உறங்கிய பின்னும் அந்த இழப்பு ஈடாகவில்லை. வழக்கமாகப் பகலில் உறங்கும் குழந்தைகளிடம்தான் இழப்பு மிகுதியாகத் தெரிந்தது. இன்னும் சிறிய, ஆறு மாதமும் பன்னிரண்டு மாதமும் ஆன கைக்குழந்தைகளிடம் 2015இல் நடந்த ஆய்விலும், ஒரு பொம்மையை வைத்துப் புதிய செயலைக் காட்டிய பின் நான்கு மணி நேரத்துக்குள் அரைமணியாவது உறங்கிய குழந்தைகளே அதை நினைவு வைத்துத் திருப்பிச் செய்தார்கள்.

குழந்தையின் ஹிப்போகாம்பஸ் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அதன் கொள்ளளவு சிறியது என்றும், காலை முழுவதும் கேட்டதையும் பார்த்ததையும் அவ்வப்போது இறக்கி வைக்காவிட்டால் அது நிரம்பி வழிந்துவிடும் என்றும் அந்தத் துறையினர் விளக்குகிறார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன திண்ணை குழந்தைகளுக்கு இன்னும் குறுகியது. இதைப் படிக்கும் பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் கேட்பதோடு, "பிள்ளை மதியம் உறங்க இடம் உண்டா?" என்றும் கேளுங்கள்.

அளவைக்கோல் எழுதியது:

நான் புள்ளியியல் துறையில் இருக்கிறேன். இங்கே எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஏற்கத்தக்கவை என்றாலும், வாசிப்பவர்கள் எல்லா ஆய்வுகளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆளைப் பிரித்து, ஒரு சாராரை உறங்கவைத்து, மற்றொரு சாராரை விழித்திருக்கவைத்து ஒப்பிடும் சோதனை ஒரு வகை. சிங்கப்பூர், பெர்க்லி ஆய்வுகள் இந்த வகை. இவற்றில் காரணம் இன்னதென்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், ஆனால் ஆட்கள் சில பத்துப் பேர்தான். பெருந்தொகையான மக்களின் பழக்கத்தைக் கேட்டு ஒப்பிடுவது மற்றொரு வகை. சீனாவில் 10 முதல் 12 வயதுக்குட்பட்ட 2,928 பிள்ளைகளிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்தில் பல நாட்கள் மதியம் உறங்கும் பிள்ளைகள் படிப்பிலும் மனமகிழ்ச்சியிலும் முன்னிற்பதாகக் காட்டியது. இது மகிழ்ச்சியான செய்தியே. ஆயினும் மதியம் உறங்கவைக்கும் குடும்பமும் பள்ளியும் வேறு பலவற்றிலும் ஒழுங்காக இருக்கக்கூடும் அல்லவா? உறக்கம் மட்டுமே காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

2023இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இந்தச் சிக்கலைத் தவிர்க்க வேறு வழியில் சென்றது. பகலில் உறங்கும் இயல்போடு பிறக்கும்போதே தொடர்புடைய மரபணு வேறுபாடுகளைக் கொண்டு, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட 3,78,932 பேரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அந்த இயல்பு உள்ளவர்களுக்கு மூளையின் மொத்தப் பருமன் சற்று அதிகமாக இருந்தது. ஆனால் நினைவுக்கு உரியதாக இங்கே பேசப்படும் ஹிப்போகாம்பஸின் பருமனில் வேறுபாடு காணப்படவில்லை. எதிர்வினை வேகத்திலும் காணப்படவில்லை. இந்தப் பிற்பாதியைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் எழுதவில்லை.

முதியவர்களைப் பற்றியும் ஒரு சொல். எழுபதைக் கடந்தவர் முன்பு இல்லாத வழக்கமாகப் பகலில் நெடுநேரம் உறங்கத் தொடங்கினால் அதை நினைவாற்றலுக்கு மருந்து என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். அது வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

இரவுப்பணி பார்ப்பவர்களுக்கு மேலே உள்ள கணக்குகள் அப்படியே பொருந்தா. எங்களுக்குப் பகல் உறக்கமே முதன்மை உறக்கம். பணிக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் உறங்கிவிட்டுச் சென்றால் அதிகாலை நான்கு மணிக்கு மருந்தளவைக் கணக்கிடும்போது எனக்கு நடுக்கம் குறைகிறது. செவிலியர் மேற்படிப்புக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். பணி முடிந்து வந்தவுடன் படித்தது ஒன்றும் நின்றதில்லை, உறங்கி எழுந்து படித்ததுதான் நின்றது.

தரவு உள்ளீடு எழுதியது:

இத்தனை வெளிநாட்டு ஆய்வுகளுக்கு நடுவே சென்னையில் நடந்ததை ஒருவரும் குறிப்பிடவில்லையே என்று ஆவலோடு எழுதுகிறேன். 2021இல் ஒரு முன்னணிப் பொருளியல் இதழில் வெளிவந்தது. பெஸோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா என்னும் ஐவர் எழுதியது. சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை ஒரு மாத காலத்துக்குத் தரவு உள்ளீட்டு வேலையில் அமர்த்தி, அவர்கள் கையில் உறக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள்.

முதலில் தெரிந்ததே நெஞ்சைத் தொடுகிறது. அவர்கள் இரவில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தார்கள். ஆனால் உறங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, தெருவின் இரைச்சல், நெருக்கமான வீடு ஆகியவற்றுக்கு நடுவே உறக்கம் துண்டு துண்டாக உடைந்துபோகிறது. கண்மூடி, காதடைப்பான், மெத்தை, விசிறி முதலியவற்றைக் கொடுத்தும், கூடுதலாக உறங்கினால் பணம் கொடுத்தும் இரவு உறக்கத்தை நாளுக்கு 27 நிமிடங்கள் கூட்டினார்கள். அதனால் வேலைத் திறனிலோ அறிவுத் திறனிலோ எதிர்பார்த்த முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் வேறொரு பிரிவினருக்கு அலுவலகத்திலேயே அமைதியான இடத்தில் பிற்பகலில் அரைமணி நேரம் உறங்க வாய்ப்புக் கொடுத்தபோது, கவனம், வேலைத்திறன், மனநலம் ஆகிய மூன்றும் கூடின. படிப்பை நேரடியாக அளந்த ஆய்வு அன்று இது. இருந்தாலும் படிப்புக்கு முதல் தேவையான கவனத்தை அளந்திருக்கிறது.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. அந்த அரைமணி நேரத்தில் சும்மா ஓய்வெடுத்தவர்களைவிட உறங்கியவர்கள் கூடுதலாக வேலை செய்தார்கள். ஆனால் அந்த அரைமணியிலும் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், உறங்கியவர்களின் மொத்த வருமானம் குறைந்தது. உறங்கிய நேரத்துக்குக் கூலி இல்லை. கூலிக்கு வேலை செய்பவர் தம் உறக்கத்துக்கான விலையைத் தாமே கொடுக்க வேண்டியிருக்கிறது. படிப்பவருக்கு அப்படியில்லை, படித்தது நிலைத்தால் அந்த அரைமணி அவரிடமே திரும்பி வருகிறது. தரமான இரவு உறக்கத்துக்கு வழியில்லாத வீடுகளிலிருந்து வந்துதான் நம் ஊரில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்பதால், இந்த ஆய்வு அவர்களுக்காகவே செய்யப்பட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

அளவைக்கோல் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. ஆள்தொகையும் போதுமானது, பிரித்ததும் முறையானது. என் தராசில் இதற்கு எடை அதிகம். நிழலும் அமைதியும் உள்ள ஓர் இடம் கிடைத்ததால்தான் அந்த உறக்கம் உறக்கமாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சிங்கைத் தமிழன் எழுதியது:

நேரத்தைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஆய்வாளர்களே 2023இல் 10, 30, 60 நிமிட உறக்கங்களை ஒப்பிட்டு இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். மனநிலையும் தூக்கக் கலக்கமும் மூன்றிலும் சீரடைந்தன. புதிய செய்தியை நினைவில் பதிக்கும் திறனில் மட்டும் முப்பது நிமிடத்துக்கே தெளிவான பயன் தெரிந்தது. ஜப்பானில் ஃபுகுவோகா மாநிலத்தின் மெய்சென் உயர்நிலைப் பள்ளி 2005 முதல் மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் மேசையில் தலைசாய்த்து உறங்க மாணவர்களுக்கு நேரம் ஒதுக்கியது. வகுப்பறையில் விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சொல்லும் ஒரு பள்ளியில் நான் படித்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

உடலியல் ஆசிரியர் எழுதியது:

அறுபது நிமிடத்தில் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுப்பப்படுவதால் கலக்கம் சிறிது நேரம் நீடிக்கும். எனவே மகளே, இருபத்தைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். கண்ணயர ஐந்து நிமிடம் ஆகும் என்று வைத்து அலாரத்தை முப்பதுக்கு வையுங்கள். எழுந்ததும் கலக்கம் இருந்தால், படுப்பதற்குச் சற்று முன் அரை டம்ளர் காபி குடித்துப் பாருங்கள். காபியின் வேலை தொடங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆவதால், நீங்கள் எழும் நேரமும் அது விழிப்பைத் தரும் நேரமும் ஒன்றாக அமையும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 1997இல் உறக்கக் கலக்கமுள்ள ஓட்டுநர்களிடம் இதைச் சோதித்துப் பயன் கண்டார்கள். சில நிமிடங்களே உறக்கம் வந்தாலும் வருந்தாதீர்கள். டுசெல்டார்ஃப் நகரில் 2008இல் செய்த சோதனையில் ஆறு நிமிட உறக்கமே மனப்பாடம் செய்த சொற்களை நினைவுகூர உதவியது.

காலையில் படித்தவற்றில் மிகவும் குழப்பமான பகுதியை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் படுங்கள். இரவு ஐந்தரை மணி நேரம்தான் உறங்குகிறீர்கள் என்பது மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பகல் உறக்கம் இரவு உறக்கத்தின் இடத்தை நிரப்பாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது முன்னதாகப் படுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் சொற்களை வெறுமனே படித்துவிட்டுப் போகாமல் செய்து பார்த்தேன் என்பதைத் தெரிவிக்கவே இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

முதல் வாரம் தோற்றேன். அலாரத்தை அணைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் உறங்கி, எழுந்தபின் மாலை முழுவதும் தலை கனத்திருந்தது. அப்பாவின் பார்வையைச் சந்திக்கவும் முடியவில்லை. இரண்டாம் வாரம் முதல் ஒன்றே முக்கால் மணிக்குப் படுத்து, அலைபேசியை அறையின் மறு மூலையில் வைத்துவிடுகிறேன். எழுந்து நடந்துதான் அணைக்க முடியும். அரைவயிறு உணவு என்ற வைத்தியர் ஐயாவின் ஆலோசனை நான் நினைத்ததைவிட உதவியது. இரவு பத்தேகால் மணிக்கு விளக்கை அணைக்கிறேன்.

அளவைக்கோல் அவர்கள் கோபிக்க மாட்டார் என்றால், ஒற்றை ஆளின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் என் தோழி எனக்கு அந்த வாரப் பகுதியிலிருந்து ஐம்பது கேள்விகள் கேட்பாள். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் பற்றிய பிரிவுகளை நான் எப்போதும் மாற்றிச் சொல்வேன்; கடந்த மூன்று ஞாயிறுகளாக அவற்றில் தடுமாறவில்லை. இரவு முன்னதாகப் படுப்பதாலா, மதியம் கண்ணயர்வதாலா, எழுதிப் பார்ப்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்கும் நிலை போய்விட்டது. இப்போது இரண்டேகாலுக்கு எழுந்து ஒருமுறை படித்தாலே பொருள் விளங்குகிறது.

தரவு உள்ளீடு அவர்கள் எழுதியது என் மனத்தைவிட்டு அகலவில்லை. எனக்கு வீட்டில் ஓர் அறை இருக்கிறது. நான் காலையில் படிக்கச் செல்லும் நூலகத்தில் தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர்கள் நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள். மேசையில் தலை சாய்த்தால் ஊழியர் வந்து தட்டி எழுப்பிவிடுகிறார். பின்புறத் தாழ்வாரத்தில் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி வரை பாய் விரித்துக்கொள்ள அனுமதி கேட்டு வாசகர்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. உங்கள் ஊர் நூலகத்திலோ பயிற்சி மையத்திலோ இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், எத்தனை பேருக்கு எவ்வளவு இடம், பெண்களுக்குத் தனி இடம் உண்டா, பைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவற்றை எழுதுங்கள். அடுத்த மனுவோடு அதையும் இணைத்துக் கொடுக்கிறோம்.